வீட்டில் வெப்பமும் மின்சாரமும்: கட்டட விதிகள் எதைக் கேட்கின்றன, ஏன் கேட்கின்றன?

சோலார் போடலாமா, ஹீட் பம்ப் வைக்கலாமா, பழைய பாய்லரை மாற்றலாமா என்று பேச்சு வந்தாலே கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: "இதுக்கெல்லாம் பர்மிஷன் வேணுமா?" வருகிற பதில்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். சின்ன சிஸ்டத்துக்கு விதியே கிடையாது என்பார் ஒருவர். பொருத்துகிற கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பார் இன்னொருவர். தரச் சான்று உள்ள பொருளாகப் பார்த்து வாங்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் கேட்கிறவர்கள் நம்பிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊரே மாறும். எண்கள் வேறு, படிவங்கள் வேறு, கையெழுத்துப் போடுகிற ஆளும் வேறு. ஆனால் கேஸ் எரிவதும், தண்ணீர் சூடானால் பெருகுவதும், மின்சாரம் கம்பியில் ஓடுவதும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதானே? விதிகளுக்கு அடியில் இருப்பது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் ஊர் விதிப் புத்தகத்தைத் திறக்கும்போது பாதி தானாகவே புரிந்துவிடும்.

## அனுமதி ஒன்றல்ல, நாலு

வண்டி ஓட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி தரமாகச் செய்யப்பட்டதா என்பது ஒரு கேள்வி, அது உங்கள் பேரில் பதிவாகியிருக்கிறதா என்பது வேறு, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்பது இன்னொன்று, இந்தத் தெருவில் இந்த நேரத்தில் விடலாமா என்பது மற்றொன்று. உரிமம் கையில் இருக்கிறது என்பதற்காகப் பதிவு இல்லாத வண்டியை யாரும் விடமாட்டார்கள். வீட்டுக் கருவிகள் விஷயத்திலும் கேள்விகள் தனித்தனி, கேட்பவர்களும் தனித்தனி ஆட்கள்.

முதலாவது, வெளித்தோற்றமும் அக்கம்பக்கமும். கூரைக்கு மேல் என்ன தெரிகிறது, சத்தம் யாருடைய ஜன்னலுக்குப் போகிறது, பழமையான கட்டடமா, இதையெல்லாம் பார்ப்பது திட்ட அனுமதி. இரண்டாவது, கட்டடத்துக்குள் இருப்பவர்களின் பாதுகாப்பு. தீ, புகை, தாங்குதிறன், மின்சாரம், வெந்நீர் எல்லாம் இதில் வரும். இதைத்தான் கட்டட விதி என்கிறோம். மூன்றாவது, மின்சார நிறுவனத்தின் கேள்வி: உங்கள் வீடு எங்கள் கம்பியில் மின்சாரத்தைத் தள்ளினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும்? இது மின் இணைப்பு விதி. நாலாவதுதான் தரச் சான்று. கருவி தொழிற்சாலையில் சோதிக்கப்பட்டதா என்பதை மட்டும் அது சொல்லும், உங்கள் வீட்டில் அதை எங்கே எப்படி மாட்டினார்கள் என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. உலகத்தரமான பாய்லரை வாங்கி, அதன் புகைக்குழாயைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே திறந்துவிட்டால், சான்றிதழ் அப்படியே செல்லுபடியாகத்தான் இருக்கும், புகையும் அப்படியே படுக்கையறைக்குள் வரத்தான் செய்யும்.

சுருக்கமாக, "திட்ட அனுமதி தேவையில்லை" என்று ஒரு அலுவலகம் சொன்னால் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் கிடைத்திருக்கிறது. மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. "விதியே கிடையாது" என்ற வதந்தி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

## எந்தக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

கேஸிலோ எண்ணெயிலோ எரிகிற பாய்லரும் வாட்டர் ஹீட்டரும், வெளிக்காற்றிலோ மண்ணிலோ உள்ள வெப்பத்தை அமுக்கி வீட்டுக்குள் கொண்டுவருகிற ஹீட் பம்ப், சோலார் பேனல், பேட்டரி. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

அவ்வளவாகத் தெரியாத ஒன்று உண்டு, இணை உற்பத்திக் கருவி. வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன எஞ்சினோ எரிபொருள் கலமோ (எரிபொருளை எரிக்காமல் வேதிவினை மூலம் மின்சாரம் எடுக்கிற கருவி) மின்சாரம் தயாரிக்கும், அப்போது மிஞ்சுகிற வெப்பத்தை வீணாக்காமல் தண்ணீர் சூடாக்கப் பயன்படுத்திக்கொள்ளும். ஜப்பானில் 2009 முதல் 'எனெ-ஃபார்ம்' என்ற பெயரில் இப்படிப்பட்ட எரிபொருள் கலங்கள் வீடுகளுக்கு விற்கப்படுகின்றன, மின் திறன் ஒரு கிலோவாட் அளவில்தான். ஐரோப்பியச் சட்டம் 50 கிலோவாட்டுக்குக் கீழே உள்ளதையெல்லாம் இந்த வகையில் 'மைக்ரோ' என்றே கணக்கில் எடுக்கிறது. விதிகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, ஏனென்றால் கேஸ் குழாய், புகைக்குழாய், வெந்நீர்த் தொட்டி, மின் இணைப்பு நாலும் ஒரே பெட்டியில் வந்து சேருகின்றன. ஒரு ஆள் வந்து நாலுக்கும் கையெழுத்துப் போட்டால் அவருக்கு நாலிலும் தகுதி இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

## எரியும் கருவி: காற்று உள்ளே, புகை வெளியே

குழாயில் வருகிற இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுதாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். சின்ன அறையில் ஜன்னலையும் கதவையும் சாத்திவிட்டு ஒரு பெரிய வாட்டர் ஹீட்டரை ஓடவிட்டால் அந்த அறையின் காற்று எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். காற்று போதுமான அளவு கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். கிடைக்காவிட்டால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாடையில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஆக்சிஜன் ஏற முடியாது. தலைவலி, குமட்டல், அசதி, பிறகு தூக்கம். ஜுரம் வரப்போகிறது என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவர்கள் உண்டு.

"கேஸ் கசிந்தால்தான் வாடை வருமே" என்று பலரும் தைரியமாகச் சொல்வார்கள். அந்த வாடை கேஸுக்கு இயற்கையாக வந்ததல்ல. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாடையற்ற கேஸ் கசிந்து தேங்கி வெடித்ததில் கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன்பிறகுதான் அங்கே கேஸில் கந்தக வாடைப்பொருள் கலப்பது கட்டாயமானது. ஆனால் அந்த வாடைப்பொருளும் கேஸோடு சேர்ந்து எரிந்துபோகும். எரிந்து வெளியே வருகிற கார்பன் மோனாக்சைடைக் காட்டிக்கொடுக்க அது உதவாது. மூக்கு கசிவுக்கு, அலாரம் கார்பன் மோனாக்சைடுக்கு. பல நாட்டு விதிகள் எரியும் கருவி இருக்கிற அறையில் இந்த அலாரத்தைக் கேட்பது அதனால்தான்.

இனி கருவியின் வகை. அறைக்குள் இருக்கிற காற்றை எடுத்து எரிப்பது திறந்த வகை. குழாய்க்குள் குழாய் வைத்து, ஒன்றின் வழியாக வெளிக்காற்றை இழுத்து இன்னொன்றின் வழியாகப் புகையை வெளியே தள்ளுவது மூடிய வகை. மூடிய வகை அறையின் காற்றைத் தொடுவதே இல்லை. அதனால் படுக்கையறை, குளியலறை போன்ற இடங்களில் பல விதிகள் மூடிய வகையை மட்டும்தான் ஏற்கும்.

திறந்த வகை இருந்தால் சுவரில் நிரந்தரமாகத் திறந்தே இருக்கிற காற்றுத் துளை வேண்டும் என்று விதி சொல்லும். ஜன்னல் இருக்கிறதே என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஜன்னலை யாரும் சாத்திவிட முடியும். அந்தத் துளையையும் குளிர் அடிக்கிறது, பூச்சி வருகிறது என்று அட்டையை வைத்து அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு கதை.

இதைவிட நுணுக்கமான ஒன்று சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறி. விசிறி காற்றை வெளியே தள்ளும்போது அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னலெல்லாம் இறுக்கமாகச் சாத்தியிருந்தால் வருவதற்கு மிஞ்சிய ஒரே வழி பாய்லரின் புகைக்குழாய்தான். அதாவது மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நல்ல பொருத்துநர் எல்லாக் கதவையும் சாத்துவார், விசிறியை முழு வேகத்தில் வைப்பார், பாய்லரைச் சூடாகும் வரை ஓடவிடுவார், பிறகு புகைக்குச்சி ஒன்றைப் பற்றவைத்துப் புகைக்குழாயின் அடிவாயருகே பிடிப்பார். புகை உள்ளே உறிஞ்சப்பட்டால் சரி. முகத்தை நோக்கித் திரும்பி வந்தால் அன்று அந்தக் கருவி அணைக்கப்பட்டு அணைந்தே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பொருத்துகிறவர் விசிறியைப் போடாமலே இந்தச் சோதனையைச் செய்தால், போடச் சொல்லுங்கள்.

குழாய் வெளியே முடிகிற இடத்துக்கும் இடைவெளி உண்டு. இங்கிலாந்தில் விசிறி வைத்த மூடிய வகைக்கு, திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர். மற்ற இடங்களில் வேறு எண் இருக்கலாம், போன புகை ஜன்னல் வழியாகத் திரும்பி வரக்கூடாது என்பதுதான் விஷயம்.

கேஸ் விதி கேஸோடு நிற்காது, சுவர் வரைக்கும் போகும். 1968 மே 16 அன்று கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பின் 18ஆம் மாடியில் ஒருவர் காலையில் அடுப்பைப் பற்றவைத்தார், கசிந்திருந்த கேஸ் வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரியதல்ல, பற்றவைத்தவரே உயிர் பிழைத்தார். ஆனால் சுமை தாங்குகிற ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, மேலே இருந்த தளங்கள் விழ, விழுந்த எடையில் கீழே இருந்தவையும் ஒவ்வொன்றாகச் சரிய, கட்டடத்தின் ஒரு மூலையே மேலிருந்து கீழ்வரை போய்விட்டது. நாலு பேர் இறந்தார்கள். ஒரு பகுதி உடைந்தால் கட்டடமே சரியக்கூடாது என்ற கட்டுமான விதி பிரிட்டனில் அதன்பிறகு வந்தது.

இதுவரை பார்த்தது: எரியும் கருவிக்குக் காற்று வர வழி, புகை போக வழி, போன புகை திரும்பாமல் இடைவெளி, வழி அடைபட்டால் எச்சரிக்க அலாரம். இந்த நாலைச் சுற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

## வெந்நீர்த் தொட்டி: அமைதியாக நிற்கிற அழுத்தம்

தண்ணீர் சூடானால் பெருகும். 150 லிட்டர் தொட்டியைக் குளிர்ந்த நிலையிலிருந்து 60 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றினால் இரண்டரை லிட்டர் அளவுக்குக் கூடுதல் இடம் கேட்கும். கேட்பது சின்ன இடம்தான், ஆனால் தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, கொடுக்காவிட்டால் இரும்பைத் தள்ளும். மேலே திறந்திருக்கிற பழைய வகைத் தொட்டியில் தண்ணீர் சும்மா ஏறி இறங்கும். குழாய் அழுத்தத்தோடு நேரடியாக இணைந்த மூடிய தொட்டியில் அதற்கு விரிவுக் கலம் என்ற தனிப் பாத்திரம் வேண்டும்.

தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் கதை மாறுகிறது. அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே இருக்கும். அந்த நேரத்தில் தொட்டி எங்காவது பிளந்தால் அழுத்தம் சட்டென்று விழும், தண்ணீரில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும், ஆவிக்கு வேண்டிய இடம் தண்ணீரைப் போல 1,600 மடங்குக்கும் மேல். வெடிகுண்டு என்று சொன்னால் மிகையில்லை.

அதனால்தான் மூன்று அடுக்குக் காவல். முதலில் தெர்மோஸ்டாட், அது 60 டிகிரி வாக்கில் நிறுத்தும். அது தவறினால் வெப்பத் துண்டிப்பான், 80 டிகிரியைத் தாண்டியதும் மின்சாரத்தையோ கேஸையோ வெட்டிவிடும், தானாக மறுபடி போடாது. அதுவும் தவறினால் ரிலீஃப் வால்வு, 90 முதல் 95 டிகிரிக்குள் திறந்து வெந்நீரை வெளியே கொட்டிவிடும். ஒன்றின் தோல்வி இன்னொன்றைப் பாதிக்கக்கூடாது என்பதால் மூன்றும் தனித்தனியாக இயங்க வேண்டும்.

அந்த வால்விலிருந்து வெளியே போகிற குழாயைப் பற்றி விதிகள் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கின்றன என்று இப்போது புரியும். வழியில் எந்த அடைப்பானும் கூடாது, தொடர்ச்சியாகக் கீழ்நோக்கிச் சரிய வேண்டும், கொதிநீரைத் தாங்குகிற குழாயாக இருக்க வேண்டும், யார் மேலும் கொட்டாத இடத்தில், ஆனால் சொட்டினால் கண்ணில் படுகிற இடத்தில் முடிய வேண்டும். சொட்டுகிறதே என்று அதன் வாயில் ஒரு மூடியைத் திருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தரை காய்ந்துவிடும், சரி, ஆனால் மூன்றாவது காவலும் போய்விட்டது. சொட்டு என்பது உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்ற தகவல். மூடியைத் தேடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள்.

வெப்பநிலையிலும் ஒரு இழுபறி உண்டு. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீரில் செழிக்கும், 60 டிகிரியில் சாகும். 1976இல் பிலடெல்பியாவில் லீஜியன் என்ற முன்னாள் ராணுவத்தினர் அமைப்பின் மாநாட்டுக்கு வந்தவர்களுக்குப் பரவிய நிமோனியாவைத் தேடிப்போனபோதுதான் இது கண்டுபிடிக்கப்பட்டது, பெயரும் அங்கிருந்துதான். ஆக, தொட்டியில் 60 வேண்டும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பு வால்வை வைத்து, தொட்டியில் சூடாகவும் குழாயில் மிதமாகவும் தருகிறார்கள். இங்கிலாந்தில் புதிய வீடுகளின் குளியல் தொட்டிக்கு 48 டிகிரிதான் உச்சம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியையே 45இல் வைக்கிற யோசனை இணையத்தில் சுற்றுகிறது, ஹீட் பம்ப் வைத்தவர்கள் குறிப்பாகச் செய்கிறார்கள். வைக்கலாம், அவ்வப்போது 60க்கு ஏற்றி இறக்குகிற ஏற்பாடு அதில் இருந்தால்.

## மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்போது

வீட்டு வயரிங் ஒரு பழைய அனுமானத்தில் கட்டப்பட்டது: மின்சாரம் தெருவிலிருந்து வரும், வீட்டுக்குள் செலவாகும். சோலாரும் பேட்டரியும் இணை உற்பத்திக் கருவியும் அந்த அனுமானத்தைத் தலைகீழாக்குகின்றன.

தெருவில் மின்சாரம் போய்விட்டது, லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார், கம்பி செத்திருக்கிறது என்பது அவர் கணக்கு. உங்கள் கூரையில் வெயில் அடிக்கிறது, இன்வெர்ட்டர் அதாவது பேனலின் நேர் மின்சாரத்தை வீட்டுக்கான மாறு மின்சாரமாக மாற்றும் பெட்டி, தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற பாகுபாடு இல்லை. 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்குகிற அதே பெட்டி, 230ஐப் பின்னாலிருந்து கொடுத்தால் 11,000 ஆக ஏற்றும். இப்படி மெயின் லைன் போன பிறகும் ஒரு பகுதி மட்டும் உயிரோடு இருப்பதற்குத் தீவாதல் என்று பெயர். ஒரு வீட்டு இன்வெர்ட்டர் தெரு முழுவதின் சுமையைத் தாங்காமல் பெரும்பாலும் தானே விழுந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் ஒருவருடைய உயிரை 'பெரும்பாலும்' என்பதில் விட முடியாது. அதனால் இன்வெர்ட்டரே லைன் போனதை உணர்ந்து நிற்க வேண்டும். ஐஇஇஇ என்ற மின்பொறியாளர் அமைப்பு வகுத்து அமெரிக்காவில் பயன்படுகிற 1547 தரநிலை இதற்குத் தருகிற அவகாசம் 2 நொடி.

"சோலார் போட்டும் கரண்ட் போனா லைட் எரியலையே" என்ற புலம்பலுக்குப் பதில் இதுதான். கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் வீட்டைத் தெருவிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டு, அதன்பிறகு மட்டுமே உள் சப்ளையைத் தொடங்குகிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வேண்டும். அது இல்லாமல் ஜெனரேட்டரை சாதாரண பிளக்கில் செருகி வீட்டுக்கு ஊட்டுகிறவர்கள் லைன்மேனின் உயிரோடு விளையாடுகிறார்கள்.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத கம்பி. ஒரு சர்க்யூட்டில் 16 ஆம்பியர் பிரேக்கர் இருக்கிறது. அது காவல் காப்பது சுவருக்குள் ஓடுகிற கம்பியை, அதற்கு மேல் போனால் சூடாகும் என்று வெட்டிவிடும். இப்போது அதே சர்க்யூட்டின் ஒரு பிளக்கில், பால்கனியில் வைக்கிற சின்ன சோலாரைச் செருகுகிறீர்கள். பிரேக்கர் வழியாக 16 ஆம்பியர், சோலாரிலிருந்து மூன்றரை, ஆக கம்பியின் ஒரு பகுதியில் பத்தொன்பதரை ஓடலாம். பிரேக்கருக்குத் தெரிவது 16 மட்டும்தான், அது பேசாமல் இருக்கும். ஜெர்மனி 2024இல் இந்த பால்கனி சோலாருக்கு 600 வாட்டாக இருந்த வரம்பை 800 ஆக உயர்த்தியது. 800 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3.5 ஆம்பியர். நல்ல வயரிங்கில் உள்ள தாராளம் அந்த அளவைத் தாங்கும் என்ற கணக்கு. இரண்டு மூன்று செட்டைச் செருகிவிட்டு "ஒவ்வொன்றும் வரம்புக்குள்தானே" என்று கேட்டால் கம்பி அந்த வாதத்தைக் கேட்காது.

மூன்றாவது, நேர் மின்சாரம். வீட்டு மாறு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், ஸ்விட்ச் பிரியும்போது பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. 40 வோல்ட் பேனல் பத்தைத் தொடராகக் கட்டினால் 400 வோல்ட், அதில் ஒரு இணைப்பு தளர்ந்தால் பொறி வில்லாக நின்று எரிந்துகொண்டே இருக்கும். மாறு மின்சாரத்துக்கான ஸ்விட்சை அங்கே போட்டால் அதுவே தீப்பிடிக்கும். பேனல் கேபிள்களை இணைக்கிற கனெக்டர்கள் ஒன்றோடொன்று செருகும்போது 'கிளிக்' என்று கேட்க வேண்டும், இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகமாக இருக்க வேண்டும். வேறு வேறு ரகம் செருகத்தான் செய்யும், உள்ளே உலோகம் சரியாகத் தொடாமல் மெல்லச் சூடாகும். கூரைத் தீ விபத்துகளில் இந்தக் கனெக்டர்கள் அடிக்கடி பேசப்படுகிற ஒன்று.

மெயினை அணைத்தாலும் வெளிச்சம் உள்ளவரை பேனல் உயிரோடுதான் இருக்கும் என்பதால் தீயணைப்பு வீரர்களுக்கு இது பெரிய தலைவலி. அமெரிக்க மின் விதித்தொகுப்பு 2014இல் அவசர நிறுத்தத்தைக் கொண்டுவந்தது, 2017 பதிப்பு பேனல் கூட்டத்துக்குள்ளேயே 30 நொடிக்குள் 80 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வழி கேட்டது.

மறுபடி ஒருமுறை: லைன் போனால் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும், கம்பிக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதைக் கூட்டிப் பார்க்க வேண்டும், நேர் மின்சாரத்துக்குத் தனி ஸ்விட்சும் ஒரே ரக கனெக்டரும் வேண்டும். மின்சார நிறுவனம் "எங்களிடம் சொல்" என்று கேட்பதற்கான முதல் காரணம் மேலே உள்ள லைன்மேன்.

## கூரை: எடையைவிட காற்று

"கூரை பேனல் எடையைத் தாங்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு சதுர மீட்டர் பேனல் 20, 25 கிலோ இருக்கும், நல்ல கூரைக்கு அது பெரிய விஷயமில்லை. கேட்க வேண்டியது காற்றைப் பற்றி. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமமான விசை. 22 கிலோ பேனலை 200 கிலோ விசை மேலே பிடுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இந்த உறிஞ்சல் இன்னும் அதிகம், அதனால்தான் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். போல்ட் எங்கே போய்ப் பிடித்திருக்கிறது என்பதைப் பாருங்கள், ஓட்டிலா, உத்தரத்திலா.

## பேட்டரி, ஹீட் பம்ப், சுவரில் போட்ட துளை

லித்தியம் பேட்டரியின் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்த வெப்பமே பக்கத்துச் செல்லையும் கெடுத்து, அது அடுத்ததைக் கெடுத்து, சங்கிலியாகப் போகும். அப்போது தீப்பற்றக்கூடிய வாயுவும் வரும். விதிகள் பேட்டரியைத் தூங்குகிற அறையிலும், தப்பித்து ஓட வேண்டிய வழியிலும் வைக்காதே என்பது இதனால்தான். அமெரிக்காவின் தீப்பாதுகாப்புத் தரநிலையான என்எஃப்பிஏ 855 வீடுகளில் ஒரு யூனிட்டுக்கு 20 கிலோவாட் மணி என்று வரம்பு வைக்கிறது. பிரிட்டனில் 2024இல் வந்த பிஏஎஸ் 63100 என்ற வீட்டு பேட்டரித் தீப்பாதுகாப்பு வழிகாட்டி பரண்களையும் தவிர்க்கச் சொல்கிறது. மாடிப்படிக்குக் கீழே காலியாக இருக்கிற இடம் எல்லோர் கண்ணையும் உறுத்தும், ஆனால் தீப்பிடித்தால் நீங்கள் இறங்க வேண்டிய வழி அதுதானே.

ஹீட் பம்ப்பில் சத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. அது நியாயம்தான். அதிகம் பேசப்படாதது குளிர்பொருள், அதாவது ஹீட் பம்ப்புக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கிற பொருள். புதிய மாடல்கள் பலவற்றில் புரொப்பேன் இருக்கிறது, பூமியைச் சூடாக்கும் தன்மை மிகக் குறைவு, ஆனால் எரியும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். யூனிட்டைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டத்தில் சாக்கடைத் திறப்பு, அடித்தள ஜன்னல், பிளக் எதுவும் கூடாது என்று தயாரிப்பாளர் கையேட்டில் படமே போட்டிருக்கும். அழகாக மறைக்கிறேன் என்று மூன்று பக்கமும் பலகை அடிப்பதற்கு முன் அந்தப் படத்தைப் பாருங்கள்.

குழாய்க்கும் கேபிளுக்கும் சுவரில் துளை போடுவார்கள். தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகாமல் தடுக்கிற சுவராக அது இருந்தால், அந்தத் துளை தீக்கும் புகைக்கும் வாசல். சூட்டில் உப்பி இடைவெளியை அடைக்கிற தீத்தடுப்புப் பொருளை வைத்து மூட வேண்டும். வேலை முடிந்த அவசரத்தில் சாதாரண ஃபோமை அடித்துவிட்டுப் போவதுதான் அதிகம் நடக்கிறது, பூசி வெள்ளையடித்த பிறகு யாருக்கும் தெரியாது.

## "சின்னதுக்கு விதி கிடையாது" என்பது எங்கிருந்து வந்தது?

பிரிட்டனில் ஜி98 என்ற இணைப்பு விதிப்படி ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர் வரை, அதாவது 3.68 கிலோவாட் வரை, முன்அனுமதி இல்லாமல் பொருத்திவிட்டு 28 நாளுக்குள் மின்விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். அதைத் தாண்டினால் ஜி99, முதலில் கேட்டுப் பதில் வந்தபிறகே பொருத்த வேண்டும். பல நாடுகளில் இதே போன்ற இரண்டு படிகள் உண்டு. இதைக் கேள்விப்பட்டவர்கள் "கேட்க வேண்டாம்" என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "சொல்ல வேண்டும்" என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள். அதோடு இது மின் இணைப்பைப் பற்றிய சலுகை மட்டும்தான், கட்டட விதியிலிருந்து இது யாரையும் விடுவிப்பதில்லை.

கட்டட விதியை நிறைவேற்றியதாக யார் சொல்வது என்பதிலும் இரண்டு வழி. பதிவு பெற்ற பொருத்துநர் தன் வேலைக்குத் தானே சான்று தருவது ஒன்று, அதிகாரி வந்து பார்த்துச் சான்று தருவது இன்னொன்று. முதல் வழியில் போனால் பொருத்துநரின் பதிவு எந்த வேலைக்கு என்று பாருங்கள். கேஸுக்குப் பதிவு பெற்றவர் மின்சாரத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது. கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாலும், தப்பு கண்டுபிடிக்கப்பட்டால் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் பல இடங்களில் வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும், வீடு விற்கும்போது காகிதம் கேட்பதும் அவரிடம்தான்.

பொருத்தி முடித்த பிறகு வீட்டை மாற்றும்போதும் இதெல்லாம் மறுபடி எழும். பாய்லரின் குழாய் முடிகிற பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அடைக்கிறீர்கள், குளிர் வராமலிருக்க ஜன்னல் இடுக்கையெல்லாம் ஒட்டுகிறீர்கள், சமையலறைக்கு இன்னும் பலமான விசிறி மாட்டுகிறீர்கள். பாய்லரை யாரும் தொடவில்லை, அது சுவாசித்த காற்று மாறிவிட்டது. இதில் எதைச் செய்வதாக இருந்தாலும் புகைக்குச்சியோடு அந்த ஆளை இன்னொரு முறை வரச்சொல்லுங்கள், புது விசிறியை முழு வேகத்தில் வைத்து.